பித்தளைத் தாழ்ப்பாள்

வெள்ளிக்கிழமை என்ற சீனி இதிரீசு
செவ்வாய்தான் வந்தார்,
வண்டி முழுக்கப் பைப்பும்
தோளில் இடுக்கிய போனுமாக.

அரசாங்கம் கட்டிக்கொடுத்த கக்கூசில்
ஏழு வருசமாய் வலை குடியிருந்தது.
வாடைக்கு அவர் மூக்கைப் பொத்தவில்லை.
அதற்கே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

"அளவு பேச ஆம்பளை யாரும் இல்லையா?"
"கழுத்தளவுத் தண்ணியில் பாசி எடுக்கிறவ நான்.
எங்கிட்டயே பேசுங்க."

பேசினார்.
இரும்பு கூடாது, சின்னப்பாலத்து உப்பு
ஆணியைத் தின்றுவிட்டுத் திருகாணிக்கு வரும்.
தொட்டியை ஆழமாய்த் தோண்டினால்
நாலடியில் கடல் எட்டிப்பார்க்கும்.

பீங்கானைப் பதிக்கும்போதுதான் நின்றார்.
மேற்கே பார்த்து வைக்கமாட்டாராம், கிப்லா.
கிழக்கே வைத்தால் முதுகு காட்டுவதாகுமாம்.
தெற்கே வேண்டாமென்று நான் சொன்னேன்,
சோறு போடுகிற கடல் அங்கே.
மிச்சமிருந்தது வடக்கு,
தண்டவாளம் இருக்கிற பக்கம்.
ரயிலுக்கு யாரும் பரிந்து பேசவில்லை.

முதல் வாளியை ஊற்றிவிட்டு
இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.
சுழன்று, தயங்கி, போயே போனது.

நாலாயிரத்து அறுநூறு.
ஈர நோட்டுகளைச் சட்டைப்பையில் வைக்காமல்
காற்றில் பிடித்துக்கொண்டே நின்றார்.

தாழ்ப்பாள் மட்டும் நான் வாங்கி வைத்திருந்தேன்,
ராமநாதபுரத்தில், போன ஐப்பசியிலேயே, பித்தளையில்.
உள்பக்கம்தான் முக்கியம் என்றேன்.
வெளிப்பக்கம் அவர் போடவேயில்லை.

அன்று விடிய நாலு மணி.
டார்ச் எடுக்கவில்லை,
பக்கத்துவீட்டு மரியசெல்வியை எழுப்பவில்லை,
உடைமரக்காட்டில் யார் இருமுகிறார்கள் என்று நிற்கவில்லை.
தாழ் விழுந்த சத்தத்துக்கு
ஒரு நாய் குரைத்தது.
கொஞ்ச நேரத்தில் ரயில் வந்தது,
எனக்கு நேராகவே.
நான் எழுந்திருக்கவில்லை.