ஓம், மிஸ்

ஆஸ்பத்திரி வீதியில் மருந்துக்கடைக்கு மேல்மாடி.
கதிரைகளை வட்டமாய்ப் போட்டிருந்தார்கள்.
வட்டமென்றால் எனக்குச் சரிவராது,
பின்வரிசை இல்லாமற் போய்விடும்.

முதல்நாள் வைரஸைப் பற்றி.
பத்தொன்பது வருச வேலை, எனக்கு அதெல்லாம் பாடம்.
ஊசி குத்துப்பட்டால் எத்தனை மணித்தியாலத்துக்குள்
என்ன குளிசை, எவ்வளவு நாள்.
பிழையில்லாமல் சொல்லிவிட்டு
இரண்டு றோல்ஸ் சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள்
வவுனியாவிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள்.
இருபத்திமூன்று இருக்கும். சிவப்புப் பட்டியில் மணிக்கூடு.
பிறக்கேக்கையே கூட வந்தது என்றாள்,
முதுகிலுள்ள மச்சத்தைச் சொல்வதுபோல.
பிறகு கேட்டாள்:
பிறசர் பார்க்கிறதுக்கும்
இரண்டு சோடிக் கையுறை போட்டனாங்கள் எண்டு
சொல்லக்கூடிய ஆக்கள் கை உயர்த்துங்கோ.

காத்தாடி சுற்றியது.
பதினெட்டுப் பேரின் கைகளும்
மேசையில்லாத அந்த வட்டத்தில்
ஒளிக்க இடம் தேடின.
ஆய்வுகூடத்து ஜெசிந்தா மட்டும்
தலை சொறிவதுபோல
அரைவாசிக்கு உயர்த்தினாள்.
நான் தண்ணீர் குடித்தேன்.

பின்னேரம் நடிப்பு. சீட்டுக் குலுக்கினார்கள்.
எனக்கு விழுந்தது:
வயது பதினாறு. ஆண். சித்தி வீட்டில் இருக்கிறான்.
மருந்தின் பெயர் தெரியும்.
நோயின் பெயரை
அந்த வீட்டில் எவரும் உச்சரித்ததில்லை.

ஒரு பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டி
நடுவுக்குப் போ என்றார்கள்.
போனேன்.
பைக்குள்ளே போத்தல் கிலுகிலுத்தது.
அடி வைக்க வைக்கக் கிலுகிலுத்தது.
பதினெட்டுத் தலைகள் திரும்பின.

ஐயோ, பஞ்சு.

எங்கள் கிளினிக்கின் நூற்றிப்பதினேழு,
போத்தலுக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டு வருவான்.
ஈரம் பிடிக்குமெண்டு சொன்னனான் எல்லே,
சொன்னாக் கேளாத பெடியன் நீ என்று
போன கிளினிக்கிலும் பேசி,
பிடுங்கிக் குப்பைக்குள் போட்டவள் நான்.
மூன்று வருசமாய்ப் பல்லுக்குக் கம்பி கட்டுகிறான் என்றே
அவன் வகுப்பு நம்பிக்கொண்டிருக்கிறது.

எதிர்க் கதிரையில் தாதியாக
மருந்தாளர் குகபாலன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
நான் கேட்கும் அதே கேள்வியை
நான் கேட்கும் அதே வேகத்தில் கேட்டார்:
"குளிசையெல்லாம் ஒழுங்காப் போடுறனிதானே?"

"ஓம், மிஸ்."

மீசைக்காரரை மிஸ் என்றதற்கு எல்லோரும் சிரித்தார்கள்.
எனக்கு வேறு யோசனை.
ஒருவரும் சொல்லித் தராமல்
எவ்வளவு சுளுவாய் வந்துவிட்டது அந்த ஓம்.
கேள்வியின் வாலில் நானே தொங்கவிட்ட 'தானே',
அதைத் தாண்டி
வேறெந்தப் பதிலும் வெளியே வராது.

அடுத்த செவ்வாய்.
கதவைச் சாத்தினேன்.
"சாருகன்," என்றேன்.
இலக்கத்துக்கு எழும்பிப் பழகியவன்
பெயருக்குத் திடுக்கிட்டான்.
"போன மாசம் எத்தினை நாள் விட்டுப்போச்சு?"

கலண்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"ஆறு. இல்லை, ஏழு."
பேச வாய் உன்னியது. ஏழு என்று எழுதினேன்.
மேசை லாச்சியிலிருந்து
கொஞ்சம் பஞ்சு எடுத்து நீட்டினேன்.
வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான்.

"மிஸ், ஒராளுக்குச் சொல்லவேணுமெண்டால்
எப்பிடித் தொடங்குறது?"

அதற்கும் கொப்பியில் ஒரு பக்கம் இருந்தது.
அந்தப் பக்கம் ஓடியபோது
நான் தேத்தண்ணி வரிசையில் நின்றேன்.

"எனக்குத் தெரியாது," என்றேன்.
"தெரிஞ்ச ஒரு பிள்ளை வவுனியாவில இருக்கு.
கேட்டுப் பாக்கட்டோ?"

வெளியே நூற்றிப்பதினெட்டு செருமியது.
பஞ்சை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டே
"என்ர பேர் சொல்லக்கூடாது" என்றான்.

"ஓம்," என்றேன்.