27.8

கன்செப்சியோனில் ஜூன் மாத மழை
விடுப்பு எடுப்பதில்லை.
ஆய்வகப் பணியாளர் எலியோதோரோ எடுத்திருந்தார்,
இடுப்புவலி, மூன்று வாரம்.
அதனால் சோடியம் ஹைட்ராக்சைடை
நானே எடைபோட்டேன்,
பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கும்
ஆய்வுநிதி மறுப்புக் கடிதத்துக்கும் நடுவே
கிடைத்த பதினோரு நிமிடத்தில்.

இப்போது ஞாயிறு இரவு.
முப்பத்திரண்டு அறிக்கைகள், ஆறிய தேநீர்.
முதல் தாளில் விடை 25.0.
அடுத்ததில் 25.1. அதற்கடுத்ததில் மறுபடி 25.0.
பத்தாவதில் கொட்டாவி.
இருபதாவதில்
எல்லாம் ஒரே கை எழுதியதோ என்று தோன்றியது.
தோன்றியதைத் தள்ளிவிட்டுத் திருத்தினேன்.
சரியான விடையைச் சந்தேகிக்க
யாருக்கு நேரமிருக்கிறது?

இருபத்தாறாவது தாள் ஐலின் கத்ரிலேயோ.
கடைசி மேசை, மீன்வாடை போகாத மேல்கோட்டு.
நான்கு முறை செய்திருக்கிறாள்:
27.7
27.8
27.8
27.9
ஓரத்தில் பென்சிலால்,
"எங்கே தப்பு செய்தேன் என்று தெரியவில்லை.
பியூரெட்டை மூன்று முறை கழுவினேன்."

பாதி மதிப்பெண் போட்டேன், சிவப்பில்.
போட்ட பிறகும் பேனாவை மூடவில்லை.
கவனக்குறைவு இப்படித் தோளோடு தோள் உரசி நிற்காது,
திசைக்கொன்றாய்த் தெறிக்கும்.

குடை எடுக்காமல் ஆய்வகத்துக்கு நடந்தேன்.
"இந்நேரத்துக்கா, டாக்டர்?" என்றார் காவலாளி.
குப்பிமேல் என் கையெழுத்து: 0.100.
மூன்று இலக்கம், ஒரு நடுக்கமில்லை.
அமிலத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன்.
இருபத்தைந்தில் நிறமே இல்லை.
இருபத்தாறிலும் இல்லை.
இருபத்தேழுக்குப் பிறகு குழாயை
மூச்சைப் பிடித்துத் திருகினேன்.
ஒரு சொட்டு. அரைச் சொட்டு.
வந்த இளஞ்சிவப்பு
கலக்கியும் போகாமல் நின்றது.
27.8.

முப்பத்தொரு பேர்
என் மனத்தில் இருந்ததை அளந்திருக்கிறார்கள்.
ஒருத்தி, குடுவையில் இருந்ததை.

இதையும் சொல்லிவிட வேண்டும்.
பதினெட்டு ஆண்டுக்கு முன் என் முதல் கட்டுரையில்
கோட்டைவிட்டு விலகி நின்ற
ஒரு புள்ளியை எடுத்துவிட்டேன்.
'கருவிக் கோளாறு' என்று அடிக்குறிப்பு.
கருவி நன்றாகத்தான் இருந்தது.
அந்தக் கட்டுரை தந்த வேலையால்தான்
இந்த அறையின் சாவி என் பையில் கிடக்கிறது.

திங்கள் காலை பலகையில் அந்த எண்ணை எழுதினேன்.
"கரைசல் நான் செய்தது. தவறு என்னுடையது."
முப்பத்தொரு தலைகள்
நோட்டுக்குள் எதையோ தேடின.
முன்வரிசையில் ஒருவன் கேட்டான்,
"அப்போ எங்கள் மதிப்பெண்?"
ராத்திரியெல்லாம் சேர்த்துவைத்த பதில்
சுண்ணக்கட்டியோடு கையில் பொடிந்தது.
அடுத்த வாரம் திரும்பச் செய்வோம் என்றேன்,
நான் உட்பட.

ஐலின் வரவில்லை.
திங்களன்று தால்காவானோ துறையில்
அம்மாவின் மீன் தராசுக்குப் பின்னால் நிற்பாளாம்.

அவள் தாளை வெளியே எடுத்தேன்.
வெள்ளை மை பூசி மறைத்திருக்கலாம்.
ஆய்வேட்டுக்கு ஒரு விதி உண்டு,
ஆண்டுதோறும் முதல் வகுப்பில்
நானே சொல்லித்தருவது:
பிழையின்மேல் ஒற்றைக் கோடு போதும்,
அடியில் இருப்பது படிக்கும்படி இருக்கட்டும்.
கோடு போட்டேன்.
மேலே முழு மதிப்பெண்,
பக்கத்தில் தேதி, என் சுருக்கொப்பம்.