இடது பொத்தான்

ரசீது எண் 318.
கையடக்க வீடியோ கேம் ஒன்று, சாம்பல் நிறம்.
பேட்டரி மூடி இல்லை,
அந்த இடத்தில் நாலாய் மடித்த பஸ் டிக்கெட்டும் ரப்பர் பேண்டும்.
குறை: இடது பொத்தான் வேலை செய்யவில்லை.
கொடுத்தவர்: செங்கோடன், ஏற்காடு வண்டி டிரைவர்.
பெற்றவர்: சபூரா.

"எட்டு மாசமா ஒரே எடத்துல நிக்குதும்மா,
பொத்தான்தான் காரணம்" என்றார்.
எழுதிக்கொண்டேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மாடிப்படிக்குக் கீழே எங்கள் கடை.
நிமிர்ந்தால் தலை இடிக்கும்.
குனிந்திருப்பது இந்த வேலைக்கு வசதிதான்.

கழற்றும் முன் ஓட்டிப் பார்க்க வேண்டும்.
போட்டேன்.
பச்சைத் திரையில் சுவர்கள் எழுந்தன.
மூன்றே பொத்தான்: முன்னே போ, இடம் திரும்பு, வலம் திரும்பு.
மேலிருந்து பார்க்க வரைபடம் கிடையாது,
கண்ணுக்கு முன்னால் ஒரு சந்து, அதன் முடிவில் இன்னொரு சந்து,
செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை வண்டிக்குப் பின்னால்
மாட்டிக்கொண்ட மாதிரி.

இடது செத்துவிட்டதால்
இடப்பக்கம் திரும்ப மூன்று முறை வலம் அழுத்தினேன்.
சேலத்துக்காரிக்கு இது புதிதில்லை.
எதிரில் தெரிகிற மருந்துக்கடைக்கு
ஒருவழிப்பாதை பார்த்து நாலு தெரு சுற்றி
வண்டி ஓட்டுகிறவள்தானே.

கட்டம் 41.
நடந்த அடிகள்: பதினோராயிரத்து இருநூற்று ஆறு.
மனுஷன் இதற்குள்ளேயே குடியிருந்திருக்கிறார்.

திருகாணி நாலையும் எடுத்தேன்.
வலது பொத்தானுக்கு அடியில் கார்பன் கருகருவென்று, புதுசு.
இடதுக்கு அடியில்
தேய்ந்து, வெளுத்து, ரப்பரே கிழிந்து.
மலையில் இருபது கொண்டை ஊசி.
ஒன்று இந்தப் பக்கம் என்றால் அடுத்தது அந்தப் பக்கம்.
தினம் மூன்று நடை ஏறி இறங்குகிறவர் கை
ஒரு பக்கம் மட்டும் எப்படித் தேயும்?

டீ வந்தது. ஆறியது. ஏடு கட்டியது.

அப்புறம்தான் உறைத்தது.
இடக்கையைச் சுவரில் வைத்து
எடுக்காமல் நடந்தால் வாசல் வந்துவிடும் என்று
யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.
பொய்யில்லை.
நாற்பது கட்டத்தை அப்படித்தான் தாண்டியிருக்கிறார்.

நாற்பத்தொன்றில் வாசல் ஓரத்தில் இல்லை.
நடுவில் இருக்கிறது,
வெளிச்சுவரோடு ஒட்டாத தனிக் கட்டுக்குள்.
மாம்பழத்தின் தோலைத் தடவித் தடவி
எத்தனை சுற்று வந்தாலும்
கொட்டை கைக்கு வராது.

இதை வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பேச
பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேதகிரி இருக்கிறார்.
எனக்குக் கூலி நூற்றியிருபது,
அதுவும் பொத்தானுக்கு.

செத்துப்போன டிவி ரிமோட்டிலிருந்து
கார்பன் வில்லை ஒன்றை வெட்டி ஒட்டினேன்.
ஸ்பிரிட்டில் துடைத்தேன், மூடினேன், மறுபடி போட்டேன்.
இடது சொன்னபடி கேட்டது.
வேலை முடிந்தது. ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று.
இருந்தாலும்

மூன்றாவது முக்கில்
சுவரிலிருந்து கையை எடுத்தேன்.
ஒரு நொடி பயமாகத்தான் இருந்தது,
கரண்ட் போன வீட்டுக்குள்
கதவு இருக்கும் திசையை நம்பி நடப்பது போல.
வலம். நேரே. மறுபடி வலம்.
பதினேழே அடி.
எதிரே ஒரு கதவு மினுக் மினுக்கென்றது.
இன்னும் ஓரடி வைத்தால் கட்டம் 42.

அந்த ஓரடி ரசீதில் இல்லை.
பதிவு செய்யாமல் அணைத்தேன்.

மறுநாள் காக்கிச் சட்டையோடு வந்தார்,
கண்டக்டர் அங்கிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருக்க.
"ஆயிடுச்சாம்மா?"
"இடது சரியாயிடுச்சுண்ணே.
வலதும் நல்லாத்தான் இருக்கு.
நான் போட்டுப் பாத்துட்டேன்."

பத்து ரூபாய்க் காசுகளாக எண்ணி வைத்தார்.
இரண்டு தப்படி போனவர் நின்றார்,
சட்டைப்பையை ஒருமுறை தொட்டார், போனார்.

ஐந்து நாற்பது வண்டி.
கூடைகள் ஏறிவிட்டன,
ஜன்னல் சீட்டுக்குச் சண்டை முடிந்துவிட்டது,
விசில் இரண்டு முறை அடித்தாயிற்று.
ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு தலை குனிந்தே இருந்தது.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குத்தான் கிளம்பியது.