எட்டுக் கோவில், இரண்டு நாள் கூடுதல்

லூர்து மாதாவிடம் போகும் குழுவுக்கு
இரண்டு நாள் கூடுதலாம்.
மலையோரம் ஒரு பாதை,
ஆயிரம் வருடப் பழைய கோவில்கள் எட்டு,
நடுநடுவே மடங்கள், ஆறு, ஆட்டு மந்தை.
பக்கத்துக்கு அறுநூறு ரூபாய்,
வியாழனுக்குள் தமிழில் வேண்டும் என்றார்
பயண முகவர் பஸ்லான்.
செட்டியார் தெரு, இரண்டாம் மாடி,
கீழே நகை உருக்கும் வாசம்.

கோவில் என்றுதான் எழுதியிருந்தேன்.
"தேவாலயம்னு போடுங்க மிஸ்,
கோவில்னா மத்தக் கோவில்னு நினைப்பாங்க."
கொட்டாஞ்சேனையில் யாரும்
தேவாலயத்துக்குப் போவதில்லை;
ஞாயிறு காலை கோவிலுக்குத்தான் போகிறோம்.
இருந்தாலும் மாற்றினேன்.
எட்டு இடத்தில்.

தடித்த சுவர் வந்தது. சின்ன ஜன்னல் வந்தது.
கூர்வளைவு பிறக்காத காலத்து
அரைவட்ட வளைவும் வந்தது.
தூண் தலையில் மனிதனை விழுங்கும் சிங்கம்
தமிழுக்குச் சிரமமே இல்லை.
ஒரு சொல்தான் நின்றுவிட்டது:
மடத்தின் நடுவே
நாலு பக்கமும் தூண்நிரை, மேலே கூரை,
வானம் பார்த்த சதுரப் புல்,
துறவிகள் பேசாமல் சுற்றிச் சுற்றி நடக்கும்
அந்த இடம்.
அகராதி துறவிமடம் என்றது, அது முழு வீடு.
அடைப்பிடம் என்றது, அது ஆட்டுக்கு.

மத்தியானம் எழுந்து நடந்தேன்.

கொச்சிக்கடை வாசலில் பையைத் திறக்கச் சொன்னாள்
காவலுக்கு நின்ற பெண்.
குடை, சோற்றுப் பெட்டி, அகராதி,
எட்டுக் கோவிலின் படங்கள்.
ஒவ்வொன்றாய்ப் புரட்டினாள்.
"எந்த ஊர்?"
பிரான்ஸ் பக்கம் என்றேன்.
"அங்கேயும் பை பார்ப்பாங்களா?"
பிரசுரத்தில் அப்படி எதுவும் இல்லை.
படங்களை அடுக்கி, ஓரம் தட்டி,
என் கையில் கொடுத்தாள்.

அந்தப் பாதையில் ஒரு கோவிலுக்கும் அடுத்ததற்கும்
ஒரு பகல் நடை.
இங்கே ஏழெட்டு நிமிடம்;
அதற்குள் ஒரு பள்ளிவாசல், முருகன்,
மிளகாய் மூட்டை இறக்கும் லொறி,
எனக்கு வழிவிடாத கைவண்டி,
வழிவிட்ட மாடு.

ஒல்லாந்தர் கோவில் பூட்டிக் கிடந்தது.
காவலாளி சாப்பிடப் போயிருந்தார்.
மேட்டில் வெயில். கோவிலைச் சுற்றினேன்,
நிழல் ஒரு பக்கத்தில்தான், அதுவும் ஒரு முழம்.
இரண்டாம் சுற்றில் பஸ்லானை மறந்தேன்.
மூன்றாவதில் விசா நிராகரித்த கடிதம்
ஞாபகத்துக்கு வந்து, போய்விட்டது.
நாலாம் சுற்றில் எதையும் நினைக்கவில்லை,
சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தேன்.

டெஸ்மன் வந்து திறந்தார்.
உள்ளே தரையெல்லாம் கல்லறைக் கல்,
கோட்டையிலிருந்து இங்கே சுமந்து வந்தவை.
வாளும் கப்பலும் செதுக்கிய ஒன்றின்மேல்
ஒரு பூனை, வயிறு காட்டித் தூங்கியது.
"வுல்பெண்டால்னா ஓநாய்ப் பள்ளத்தாக்கு," என்றார்.
"இங்க எங்க ஓநாய்? நரி ஊளையிட்டிருக்கு.
அவங்களுக்குத் தெரிஞ்ச மிருகத்தோட பேரை வச்சிட்டாங்க."
"யாரும் திருத்தலையா?"
"யார் திருத்துறது? சுவரைப் பாருங்க."
பார்த்தேன். ஜன்னல் குழிவில்
நான் முழுசாய் உட்காரலாம்.
உட்கார்ந்தேன். சோற்றுப் பெட்டியைத் திறக்க
அவரே கண்ணைக் காட்டினார்.

அங்கே வைத்துத்தான் எழுதினேன்,
சுற்றுநடை.
அகராதியில் பார்க்கவில்லை.

வியாழன் கொடுத்தேன். அடுத்த வெள்ளி அச்சாகி வந்தது.
வழவழத் தாள், நல்ல நீலம்.
மூன்றாம் பக்கத்தில், தூண்நிரைப் படத்தின் கீழே,
அச்சகத்துப் பையன் திருத்தியிருந்தான்:
"துறவிகள் நாள்தோறும்
மௌனமாகச் சுற்றுலா செல்லும் இடம்."

பஸ்லானிடம் காட்டினேன்.
"நல்லாத்தானே இருக்கு மிஸ்," என்றார்.
முப்பத்தொரு பேர் ஏற்கெனவே
பணம் கட்டிவிட்டார்கள்.