மூன்று பிரதி

நீதிமன்ற வாசலுக்கு நேர் எதிரே
போட்டோகொப்பிக் கடை என்னுடையது.
திருகோணமலையில் இன்னும் சீடி எரிக்கிற இடம்
இது ஒன்றுதான் என்று சட்டத்தரணிமார் சொல்லி அனுப்புகிறார்கள்.
உண்மையா, தெரியாது.
விசாரித்துப் பார்த்தால் யாபாரம் கெடும்.

பாலையூற்றுக் கலிஸ்ரஸ் வந்தது ஒரு மாரி நாளில்.
அவருடைய வள்ளத்தை இன்னொரு வள்ளம் இடித்தது
பதினொரு செக்கன், கைபேசியில்.
"வாட்ஸ்அப்பில அனுப்பினா ஏற்கமாட்டினமோ?"
மாட்டார்கள். தட்டில்தான் வேண்டும்.
மன்றுக்கு ஒன்று, பொலிசுக்கு ஒன்று, எதிராளிக்கு ஒன்று.

எழுநூறு எம்பி கொள்கிற தட்டில்
பதினொரு செக்கன்:
கலியாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து
ஒராள் தனியே தேத்தண்ணி குடிக்கிற மாதிரி.

"எரிக்கட்டோ?" என்றேன். திடுக்கிட்டார்.
சுடலையில் எரித்தால் மிச்சமில்லை,
என் கடையில் எரித்தால்தான் மிச்சம்.
ஊருக்கு ஒரு வழக்கு, எனக்கு ஒரு வழக்கு.

உப்புக்காற்று தின்ற டிரைவ்
முதலில் இருமும், பிறகு சுழலும்,
ஒரு தட்டைக் கெடுத்துவிட்டுத்தான் மற்றதைச் செய்யும்.
கெட்டதை வாசலில் கட்டித் தொங்கவிடுவேன்.
காகம் வராது என்பார்கள்.
இந்த ஊர்க் காகங்கள் அதில் முகம் பார்த்துத் தலை கோதும்.

"எத்தினை வருசம் நிக்கும்?"
பெட்டியில் நூறு என்று அச்சடித்திருக்கிறது.
போன கிழமை தம்பியின் பட்டமளிப்பு, எட்டே வருசத் தட்டு,
விளிம்பிலிருந்து சாயம் வெளுத்து
பாதிச் சிரிப்போடு நின்றுவிட்டது.
இதை அவரிடம் சொல்லவில்லை.
"வழக்கு முடியுமட்டும் நிக்கும்."

தவணை.
தவணை.
சட்டத்தரணிக்குக் காய்ச்சல்.
கொரோனா. பெற்றோல் வரிசை.
நீதவான் மாறினார், மாறினவரும் மாறினார்.
புதிய மடிக்கணினிகளுக்கு
தட்டு விழுங்குகிற வாயே இல்லாமல் போனது.
புறக்கோட்டை ஹம்தூன் நானா போனில் சொன்னார்:
"இனி வராது தங்கச்சி. கடைசி ரெண்டு கட்டு."
ரெண்டையும் எடுத்தேன்.
வயிற்றெரிச்சலா நம்பிக்கையா என்று
கணக்குக் கொப்பியில் எழுத இடமில்லை.

ஆறாம் வருசம் ஒரு செவ்வாய்,
மன்றிலிருந்து லிகிதரும் கான்ஸ்டபிளும் வீதி கடந்து வந்தார்கள்.
உள்ளே எல்லாம் புதுக் கணினி, ஒன்றிலும் தட்டுப் போட இடமில்லை.
"உங்கட பெட்டியை ஒருக்காத் தரேலுமோ?"

கான்ஸ்டபிள் நிலாவெளி பஸ்ஸை மறிக்க,
கணினிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்து நான் நடக்க,
எங்கள் இருவரையும் மறித்து நின்றது
ஒரு புள்ளிமான்,
யாரோ எறிந்த கடதாசி உறையை மென்றபடி.

கோப்பில் தட்டு இருந்தது.
நடு ஓட்டையில் நாடா கோத்து
இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள்.
ஓட்டை எதற்கென்று யாரோ
கெட்டித்தனமாக யோசித்திருக்கிறார்கள்.

சுழன்றது. இருமியது. கடல் வந்தது.
வள்ளம் வந்தது. மற்ற வள்ளமும் வந்தது.
ஏழாவது செக்கனில்
இரண்டுக்கும் நடுவே ஒரு முழத் தண்ணீர்,
அப்படியே உறைந்து நின்றது.
இடிக்கவில்லை. எத்தனை தரம் போட்டும் இடிக்கவில்லை.
எதிராளி முதல் தடவையாகச் சிரித்தார்.

பதினொரு செக்கனும் முழுசாக
என் கடை லாச்சியில் கிடந்தது.
மன்றுக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது,
காலையில் என்னிடம்தான் தந்துவிட்டுப் போனார் கலிஸ்ரஸ்.
மூன்று போன் மாறியும் கூடவே வந்த கடல்,
நாற்பது ரூபா கடலைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில்.

கட்டளை: புதிய பிரதிகள், மூன்று. அடுத்த தவணை மாசியில்.

பெட்டியைத் திரும்பத் தூக்கி வந்து,
வயர்களைச் செருகி,
கடைசிக் கட்டின் பிளாஸ்ரிக்கை உரித்தேன்.
அவர் கதிரையில் இருந்து தட்டுகளை எண்ணினார்.
"நாலா எரியுங்கோ."
"மூண்டுதானே கேட்டவை?"
"ஒண்டு காகத்துக்கு."