புதிய பதிப்பு

இரவு டேட்டாவில் இறக்கினேன், இரண்டு ஜிபி.
தொண்ணூற்றொரு வீதத்தில் கரண்ட் போய்,
விடியத் திரும்பவும் முதலிலிருந்து.

மாங்குளம் சந்திக் கடையில்
முதன்முதல் சோதித்தது
ஒட்டுசுட்டான் பவளேந்திரனின் வீட்டுப் படம்.
சுவிசில் இருக்கும் தம்பிக்கு அனுப்ப.
முன்பு குளோன் முத்திரையால்
ஒரு மணித்தியாலம் தேய்க்கிற வேலை.
இப்போது ஒரே சொடுக்கு:
வானத்தைக் கீறிய வயர் போனது,
போஸ்ட் போனது,
போஸ்டில் இருந்த காகமும்.
ஓட்டுக்கு மேலே
கழுவிவிட்ட நீலம்.

அவர் திரைக்குக் கிட்டக் குனிந்தார்.
“லைன் எங்கை, பிள்ளை?”
வடிவுக்காக எடுத்தேன் என்றேன்.
“ஆறு வரியம் கச்சேரிக்கு நடந்து
வந்த லைன்.
தம்பி பாக்கவேண்டியதே அதைத்தான்.”

நல்லகாலம்,
மூலப்படத்தில் நான் கைவைப்பதில்லை.
எல்லாம் நகல் லேயரில்தான்.
மொனிட்டர் ஓரத்தில்
எனக்கு நானே எழுதி ஒட்டிய புத்தி அது.
மேல் லேயரின் கண்ணை மூடினேன்.
வயர் வந்தது. காகம் வந்தது.

மாஸ்க் போட்டு
கொன்ட்ராஸ்டை ஏழு கூட்டினேன்,
வயருக்கு மட்டும்.

காசை எண்ணியபடி கேட்டார்:
“அந்தக் காகத்தை மட்டும்
எடுக்கேலுமோ?”