கை நனைக்காமல்

கைப்பிடியைச் சுற்றிக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டு
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் முதல் நாளே
சிஸ்டர் ஜெபக்கனி சொன்னாள்:
"அமுக்கக் கூடாது அண்ணாச்சி.
தூக்கிப் பிடிங்க, அதுவா எறங்கும்."

மூக்கில் பிளாஸ்திரி. அதையொட்டிக்
குழாயில் அறுபது என்றொரு கோடு.
நகர்ந்திருக்கிறதா என்று
ஒவ்வொரு தடவையும் பார்க்கணும்.
வரப்புக் கல்லைக்கூட நான்
இப்படிக் குனிந்து பார்த்ததில்லை.

இருநூறு மில்லி. வடிகட்டின கேப்பைக் கஞ்சி,
அடுத்த தடவை பால், அதில் ரெண்டு கரண்டி புரதமாவு.
பிறகு ஐம்பது மில்லி தண்ணீர், குழாய் அடைக்காமலிருக்க.
இரண்டு மணிக்கொரு முறை.
நோட்டில் நேரம், பக்கத்தில் என் கையெழுத்து.

முறை என்றால் எங்களுக்கு வேறு.
கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில்
அண்ணன் முறை ராத்திரி, என் முறை பகல்.
ஏழு வருஷத்துக்கு முன்னால்
கதிர் பால் பிடிக்கிற வாரத்தில்
அவன் மடையை அடைத்தது நான்தான்.
ஒரு சாக்கு மண். அவ்வளவுதான்.
காலையில் வந்து நின்றான். கத்தவில்லை.
"இனி ஒன் வீட்ல கை நனைச்சா
நா வெள்ளப்பாண்டி இல்லலே."
என் மகள் கல்யாணத்துக்கு வந்தான்,
மொய் எழுதினான்,
பந்தியைத் தாண்டிப் போய்விட்டான்.

குழாயைப் பிடுங்கிவிடுவான் என்று
இப்போது அவன் கை இரண்டையும்
துணிநாடாவால் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள்.
நனையவில்லை கை. சொன்ன சொல் நிற்கிறது.
கேப்பை என் வீட்டுக் கேப்பை.
மதினி மாசானத்துக்குத் தெரியும்.
தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

சிரிஞ்சை உயர்த்தினால் வேகம்,
தாழ்த்தினால் நிதானம்.
இருமினால் குழாயை மடித்துப் பிடிக்கிறேன்.
கட்டைவிரலுக்கு இது
ஏற்கெனவே பழகின வேலை.

எட்டாம் நாள், விடியற்காலை நாலு மணி.
உறிஞ்சிப் பார்த்தால்
முந்தின கஞ்சி அப்படியே நிற்கிறது.
வயிறு வாங்கவில்லை.
"இந்த முறைய விட்ருங்க" என்றாள் ஜெபக்கனி.
நோட்டில் கோடு போட்டேன்.
ஆறு மணிவரை
சூடு ஆறாத பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு
சும்மா இருந்தேன்.

இன்று பன்னிரண்டு.
வாய்வழியே ஒரு கரண்டி தண்ணீர்
கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.
நாடாவை அவிழ்த்தாயிற்று.
கண் திறந்திருக்கிறது, என்னைத்தான் பார்க்கிறான்.
உதட்டைத் திறப்பதும் திறக்காததும்
இனி அவன் பாடு.
நீட்டிக்கொண்டே நிற்கிறேன்.
கரண்டி ஆடி ஆடி
என் கைதான் நனைகிறது.